பூகோள சாரின் கணக்கு

மலையேறுகிற ஆசாமி என்றதும் மனதில் வரும் உருவத்துக்கும் எங்கள் பூகோள சாருக்கும் சம்பந்தமே கிடையாது. ஐந்தேகால் அடி உயரம். சோடாப்புட்டிக் கண்ணாடி. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. கக்கத்தில் எப்போதும் ஒரு நீள நோட்டு, பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. தாலுகா ஆபீஸ் பக்கம் அவர் நின்றால் மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வந்து கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பெரியகுளம் அப்போது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். எங்கள் வகுப்பின் வடக்கு ஜன்னல் முழுக்கப் பழனி மலை. அதன் மேலே கோடைக்கானல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரியில் மொட்டைமாடியில் படுத்தால் அந்த ஊர் விளக்குகள் தெரியும். ஆனால் போய்வந்தவர்கள் குறைவு. கண்ணெதிரே இருக்கிற ஊருக்குப் போக வத்தலக்குண்டு சுற்றி பஸ் ஏற வேண்டும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், போய் என்ன செய்வது என்றும் தெரியாது. வெள்ளைக்காரன் இருந்த ஊர், குளிரும், பேரிக்காய் கிடைக்கும். மலையைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். மற்றபடி அது ஊருக்கு வடக்கே நின்ற ஒரு சுவர்.

ஒன்பதாம் வகுப்பில் சார் முதல் நாள் கொண்டு வந்தது பாடப்புத்தகம் அல்ல, இரண்டு தாள்கள். இந்திய நில அளவைத் துறை அச்சிட்டவை; ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். இரண்டையும் கரும்பலகையில் பசை போட்டு ஒட்டினார். எங்கள் ஊர் 58 எஃப் 12 என்ற தாளில் இருந்தது. கோடைக்கானல் 58 எஃப் 8இல். நடுவே இருந்த விளிம்பில் விரலை வைத்து, "இந்த ஒட்டுக்குப் பேருதாண்டா நம்ம மலை" என்றார். சமஉயரக் கோடுகள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று நெருங்கி, தாளே பழுப்பாகத் தெரிந்தது. கோடு நெருங்கினால் மூச்சு வாங்கும், கோடு விலகினால் உட்கார்ந்து சாப்பிடலாம். சமஉயரக் கோட்டுக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான். பரீட்சையில் இதை அப்படியே எழுதிய ஒருவனுக்கு முழு மார்க்கும் போட்டார்.

நில அளவையின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1802இல் லாம்டன் என்ற நில அளவையாளர் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோணங்கள் இந்தியாவை முழுக்க மூடி இமயமலை வரை போயின. எவரெஸ்ட்தான் உலகில் உயரமான சிகரம் என்று ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டுச் சொன்னது அந்த முக்கோணங்களின் மறுமுனையில். "பரங்கிமலை இல்லேன்னா எவரெஸ்ட் இல்ல" என்று மேசையைத் தட்டுவார். அதைவிட எங்களுக்குப் பிடித்தது 1808இல் தஞ்சாவூரில் நடந்தது. அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. இந்தியா முழுவதையும் அளக்க வந்த கருவி. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் தன் கையாலேயே அதை ஒக்கிட்டுச் சரிசெய்தார். இந்த இடத்தில் சார் லாம்டனைப் புகழ்வார் என்று நாங்கள் காத்திருப்போம். அவர் கேட்பது வேறு: "கயித்த முன்னாடி யாரு சோதிச்சுப் பாத்தா?"

அந்தக் கேள்விதான் சார். அவர் மலையின் மேல் பைத்தியமாக இருந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மலையில் எதிர்பாராதது நடந்தால் அவருக்குக் கோபம் வரும். மற்றவர்கள் திகிலுக்காகத் தேடிப் போகிற இடத்துக்கு இவர் திகிலே இல்லாமல் போய்வர விரும்பினார். நோட்டில் எழுதாத எதுவும் நடந்துவிடக் கூடாது. வீரம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

நோட்டில் என்ன இருக்கும்? ஆளுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் வற்றும். அட்டைக்கு மூக்குப்பொடிப் புகையிலையும் உப்பும் துணியில் முடிந்து, ஆளுக்கொரு பொட்டலம். டார்ச் லைட்டு, அதற்கு மாற்று பேட்டரி. எவனுக்கு இழுப்பு, எவனுக்கு மாலைக்கண், எவன் வீட்டில் அப்பா இல்லை. கடைசியில் சொன்னது எதற்கு என்று வெகுநாள் விளங்கவில்லை. என்.சி.சி. ஆபீசருமான சார், அப்பா இல்லாத பையனிடம் பயணத்துக்கான மூன்று ரூபாயை வசூலிக்காமல் என்.சி.சி. கணக்கில் காட்டிவிடுவார் என்பது பிறகு தெரிந்தது.

டிசம்பர் அரைப்பரீட்சை லீவில் கும்பக்கரை வழியாக நடந்து கோடைக்கானல் போவது என்று முடிவானது. அந்தப் பாதை சார் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் கோடைக்கானலில் வீடு கட்டியபோது எல்லாரும் பெரியகுளம் பக்கமிருந்துதான் ஏறினார்கள். 1875இல் தூத்துக்குடி ரயில் வந்து, அம்மையநாயக்கனூரில் கோடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வந்த பிறகும், அங்கே இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரத்துக்கு வந்து, மேலே போனது டோலியில். துரையும் துரைசானியும் உட்கார்ந்திருக்க, தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் ஊர்க்காரர்கள். கார் போகிற மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. அதன்பின் பழைய பாதையை எல்லாரும் மறந்தார்கள், வழியில் இருக்கிற வெள்ளகவி என்ற ஊர்க்காரர்களைத் தவிர. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கும்பக்கரையில் பாம்பாறு பாறையைக் குடைந்து விழுகிற இடத்தில் வரிசை நிற்க வைத்தார். வரிசை எப்படி என்பதுதான் அவருடைய முதல் சட்டம். வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் கடைசியில். எல்லாரிலும் மெதுவாக நடக்கிறவன் முதலில். எங்கள் வரிசையில் முதலில் நின்றவன் ஒரு நெல் மண்டிக்காரர் மகன், உடம்பு பருமன். பள்ளிக்கூட வாழ்க்கையில் எதிலும் முதலில் நிற்காதவன். அவன் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அவன் தண்ணீர் குடித்தால் எல்லாரும் குடிக்கலாம். பின்னாலிருந்து ஒருவன் முனகினால் சார் விசில் ஊதி, முனகியவனின் தோள்பையில் இன்னொரு படி அரிசியை ஏற்றுவார். காரணமெல்லாம் சொல்லவில்லை. ஏழெட்டு மணி நேரம் நடந்தும் ஒருவன்கூட வழியில் படுத்துவிடவில்லை என்பதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டதுதான். பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தில் பத்துப்பேரை வைத்து வேலை வாங்கும் நிலை எனக்கு வந்தபோது இந்தச் சட்டத்தை அமல்படுத்திப் பார்த்தேன். மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. வேலை நேரத்துக்கு முடிந்தது.

இரண்டாவது சட்டம் வெப்பமானி. பௌதிக ஆய்வகத்திலிருந்து இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று எங்களோடு வந்தது. மற்றது பெரியகுளத்திலேயே தங்கியது, எங்கள் வகுப்பில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிப்போன ஒருவனிடம். நாங்கள் மலையேறும் நாளில் அவன் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து காலை 6 மணிக்கும், பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் வெப்பம் பார்த்துக் குறிக்க வேண்டும். அதே நேரத்தில் நாங்கள் மேலே குறிக்க வேண்டும். "அவன் இல்லாட்டி உங்க கணக்கு செல்லாது. மத்தியானம் மேல குளிருதுன்னா அது உயரத்தாலயா, மேகத்தாலயான்னு எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டார். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். பெரியகுளத்துக்கும் கோடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு டிகிரி குறைய வேண்டும். பொங்கலுக்குப் பிறகு வகுப்பில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தோம். விடை கிட்டத்தட்ட வந்தது. மலைக்கே போகாதவனின் கையெழுத்தும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவனைப் பரிதாபப்பட்டுச் சேர்த்துக்கொண்டதாகச் சார் காட்டிக்கொள்ளவே இல்லை. அவர் பரிதாபப்பட்டாரா என்பதும் எனக்குச் சந்தேகம். அவருக்கு நிஜமாகவே கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஏறும்போது கண்ணுக்குத் தெரிந்தவை கொஞ்சமல்ல. கீழே மாந்தோப்பு, தென்னை. அப்புறம் முள்ளுக்காடு, வெயில், கால் வைத்தால் உருளும் கல். அதைத் தாண்டியதும் காற்று மாறியது. காபிச் செடி, ஆரஞ்சு, எலுமிச்சை, மலைவாழை. செடி மாறுகிற இடத்திலெல்லாம் சார் நிறுத்தி, தாளில் சமஉயரக் கோட்டைப் பார்க்கச் சொல்வார். வெள்ளகவியின் எல்லையில் செருப்பையும் பூட்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அந்த ஊரில் யாரும் காலில் எதுவும் போட மாட்டார்கள். ஊரே கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. வீடுகளுக்கு நடுவே வாசலுக்கு வாசல் சாமி. கீழே பெரியகுளத்தில் சாதி பார்த்துச் செருப்பைக் கழற்றச் சொன்ன தெருக்களை எங்களில் சிலர் அறிந்திருந்தார்கள். இங்கே எல்லாரும் கழற்றினார்கள், என்.சி.சி. ஆபீசரான சார் உட்பட. அந்த வித்தியாசத்தை அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குதிரை முதுகில் சரக்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒருவர் எங்களைப் பார்த்து, இத்தனை பிள்ளைகளும் எதற்கு நடக்கிறார்கள் என்று சாரிடம் கேட்டார். "படிக்கிறதுக்கு" என்றார் சார். அந்த ஊரில் அப்போது காய்ச்சல் முற்றினால் நோயாளியைக் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. நாங்கள் ஆசைக்கு நடந்த பாதையில் அவர்கள் பிரசவத்துக்கு நடந்தார்கள். குதிரைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்ததில் தப்பே இல்லை.

கோடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். பாம்பார்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் தங்க ஏற்பாடு. அங்கேதான் பருப்பு விவகாரம் நடந்தது.

நாங்கள் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தோம். சோறு ஆகிவிட்டது. சாம்பாருக்குப் பருப்பைப் போட்டுக் கொதிக்கவிட்டோம்; கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம். கரண்டியில் எடுத்து நசுக்கினால் கல்லாக இருந்தது. விறகை இன்னும் திணித்தோம். தண்ணீர் தளதளவென்று குதித்ததே தவிரப் பருப்பு மசியவில்லை. சார் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் எவனோ, "சார், இந்த ஊரு தண்ணிக்குச் சூடே இல்ல சார்" என்றான். அதற்காகவே காத்திருந்தவர் போல வெப்பமானியோடு எழுந்து வந்தார். இரும்புக் கம்பியில் கட்டி அண்டாவுக்குள் விட்டார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். 93.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதை வேதவாக்காக மனப்பாடம் செய்திருந்தோம். 93இலேயே கொதித்துவிட்டு மேலே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற தண்ணீரை அன்றுதான் பார்த்தோம். மேலே காற்று மெலிசு, அழுத்தம் குறைவு, முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது, ஆவியாகத்தான் போகும். நடுங்கிக்கொண்டே கணக்குப் போட்டோம்: ஏழு டிகிரிக்கு 2,100 மீட்டர். கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை ஓர் அண்டாப் பருப்பு எங்களுக்குச் சொல்லியது. பாடம் முடிந்ததும் சார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏழுரோட்டுப் பக்கம் போனார். ஒரு சாக்கு நிறைய பன்னோடு திரும்பினார். அந்த நேரத்தில் அவ்வளவு பன் எப்படிக் கிடைத்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. பசியில் யார் யோசிப்பார்கள்?

மறுநாள் வானாய்வகம். 1899இல் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, அவற்றில் வாயு மையத்திலிருந்து வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற விளக்குகளுக்கு நடுவே இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. சாருக்கு அங்கே பிடித்தது வேறு. 1901 முதல் சூரியனை அன்றாடம் கவனித்துப் பதிந்து வருகிறார்கள் என்ற செய்தி. அந்தப் பதிவேடுகள் இருந்த அலமாரியின் முன் அவர் நின்ற நிற்பு கருவறை முன் நிற்பதைப் போல இருந்தது.

சாருக்கு இமயமலை கிட்டியது ஒரே முறை. என்.சி.சி. ஆசிரியர்களுக்குக் காம்ப்டியில் பயிற்சி உண்டு. அதை முடித்தவர், எப்படியோ எழுதிக் கேட்டு, 1960களில் டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சிக்குப் போய்வந்தார். 1954இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் டென்சிங் நோர்கேதான் களப் பயிற்சிக்குத் தலைவர். டென்சிங்கைப் பார்த்தீர்களா சார் என்று துளைத்தோம். பார்த்தேன் என்றார். எப்படி இருந்தார்? "நடந்து போனாரு." அவ்வளவுதான் தேறியது.

டென்சிங்கைவிட அவர் அதிகம் பேசியது குர்தியால் சிங்கைப் பற்றி. டேராடூனில் டூன் பள்ளியில் பூகோள ஆசிரியர். 1951இல் ஒரு சின்னக் குழுவோடு 7,120 மீட்டர் உயரத் திரிசூல் சிகரத்தை ஏறி, உச்சியில் சிரசாசனம் போட்டவர். சுதந்திர இந்தியாவில் மலையேற்றம் அங்கிருந்துதான் வேர்விட்டது என்பார்கள். 1965இல் கோஹ்லி தலைமையில் ஒன்பது பேரை எவரெஸ்டில் ஏற்றிய குழுவிலும் இருந்தார். அதே பள்ளியில் ஹோல்ட்ஸ்வொர்த் என்று ஓர் ஆங்கிலேய ஆசிரியர். 1931இல் 7,756 மீட்டர் காமெத் சிகரத்தை முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர். அங்கேயும் சுங்கான் புகைத்தவர். ஜாக் கிப்சன் என்ற இன்னொருவர் 1946இல் டென்சிங்கோடு பந்தர்பூஞ்ச் முயன்றவர். பீடி வாடையே ஆகாத சார் அந்தச் சுங்கான் கதையை மட்டும் ரசித்துச் சொல்வார்.

ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் சேர்ந்து ஒரு நாட்டின் மலையேற்றத்தை ஆரம்பித்து வைத்தார்கள் என்பது அவருக்குப் பெருமிதம். எனக்கு இதில் வேறொன்றும் தோன்றும். டூன் பள்ளி வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி; இமயமலை அதன் கொல்லைப்புறம். எங்கள் சாரிடம் இருந்தது ஆளுக்கு மூன்று ரூபாயும், பௌதிக ஆய்வகத்து வெப்பமானியும், திரும்பக் கொடுக்க வேண்டிய கேன்வாஸ் ஷூக்களும். அவருக்கு இதில் பொறாமை இருந்திருக்கலாம். காட்டியதில்லை. 1965இல் குர்தியால் சிங்குக்கு அர்ஜுனா விருது வந்த சேதியை வெட்டி நோட்டின் அட்டைக்குள் ஒட்டியிருந்தார். பசை காய்ந்து அது பழுப்பேறிப் போயிருந்தது.

பத்தாம் வகுப்பில் போடிக்குப் போனோம். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன். மலைமேல் ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, ரயில் எங்கே என்று கேட்கவைத்து, அப்புறம் சொன்னார். மூணாறுத் தேயிலையைக் கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908இல் குறுகிய ரயில்பாதையாக மாற்றினார்கள். அது டாப் ஸ்டேஷனோடு முடியும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் நம் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடி. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு ரயில் வந்ததோ 1928இல். நான்கு வருஷம் முந்திக்கொண்டிருந்தால், என்று சார் சொல்லத் தொடங்கி நிறுத்துவார். நாங்கள் மேலே நின்று, கேரளத்துப் பக்கம் மேகமும் நம் பக்கம் வெயிலுமாக மலை இரண்டாகப் பிரிவதைப் பார்த்தோம். மழைமறைவுப் பிரதேசம் என்று படித்தது அதுதான்.

அந்தப் பயணத்தில் ஒருவன் இறங்கும்போது வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டான். சார் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தன் தோளில் தாங்கி இறக்கினார். பையனின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொன்னவர்கள் சம்பந்தமில்லாதவர்கள். மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போனது. ஒரு வருஷம் எங்கும் போகக் கூடாது என்று உத்தரவு. சார் எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நடந்தார். ஆற்றங்கரையில் அவரைப் பார்த்தவர்கள், வராக நதி வெள்ளமட்டத்தைப் பாலத்துத் தூணில் அளந்துகொண்டிருந்தார் என்றார்கள். நோட்டில் அந்த விபத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, "மத்தியானம் 3.40. பசி. பேச்சு அதிகம்" என்று எழுதியிருந்ததைப் பிற்பாடு பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாப் பயணத்திலும் மூன்றரை மணிக்கு ஒரு கருப்பட்டித் துண்டும் கால்மணி நேர ஓய்வும் கட்டாயமாகிவிட்டன.

அவர் வீட்டம்மாவைச் சொல்லாமல் விட்டால் கணக்கு உதைக்கும். நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மலைக்குப் போகிற நாளில் விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிண்டியது அவர். இலையில் மடித்துக் கட்டியது அவர். "இந்த மனுசன் மலையைக் கட்டியிருந்தா எனக்கு அரிசியாவது மிச்சமாயிருக்கும்" என்று எங்களிடமே சொல்வார். சார் காதில் விழாதது போல இருப்பார். அம்மா ஒருமுறைகூட எங்களோடு நடந்ததில்லை. கூப்பிடவில்லை என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய சாருக்கும்.

58 வயதில் ஓய்வு. 1994இல் குறிஞ்சி பூத்தபோது பழைய மாணவர்கள் பலபேரைத் தபாலட்டை போட்டு வரவழைத்துக் கூட்டிப்போனார். பாதியில் நின்று மூச்சு வாங்கியவர்கள் நாங்கள். நெல் மண்டிக்காரர் மகன் மறுபடி வரிசைக்கு முதலில் நிறுத்தப்பட்டார். இந்த முறை அவரே மண்டிக்காரர். 2006இல் பூத்தபோது சாருக்கு எழுபத்தைந்து. பஸ்ஸில் ஏறி, குறிஞ்சி ஆண்டவர் கோயில்வரை போய்ப் பார்த்துத் திரும்பினார். "இனி அடுத்தது நீங்க பாத்துக்கங்க" என்றார்.

அடுத்தது 2018. அந்த வருஷம் பூவுக்கு முன்னால் தீ வந்தது. மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள், நாங்கள் நின்று மேகம் பார்த்த அதே சரிவுகளின் பக்கம். மறுவாரம் சாரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். தொலைக்காட்சியில் வந்ததையெல்லாம் கேட்டிருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. நோட்டுகளில் ஒன்றை எடுத்து வரச் சொல்லி, ஒரு பக்கத்தைக் காட்டினார். மாதங்களின் பட்டியல். ஐப்பசி, கார்த்திகை: மழை, வழுக்கும், வேண்டாம். மார்கழி, தை: போகலாம். மாசி, பங்குனி என்று எழுதி அடைப்புப் போட்டு, எதிரே ஒரே சொல்: புல். தை முடிந்தால் புல் காய்ந்து ஆளுயரத்துக்கு நிற்கும்; சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக. அதனால்தான் எங்களை அவர் தை முடிந்த பிறகு மலைக்குக் கூட்டிப்போனதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷமாக, டிசம்பர் லீவுக்குத் தோதான மாதம் என்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

"இத ஒரு பய கேட்டு எழுதிக்கல" என்றார். எழுதிக்கொள்ளாதவர்களில் நானும் உண்டு என்பதைச் சொல்லவில்லை, இரண்டு பேருமே.

அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024இல் நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகும்படி ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடுதான், சார் இருந்திருந்தால் அந்த வழிகாட்டிகளின் நோட்டை வாங்கிப் பார்த்திருப்பார். ஆனால் ஓர் அரசுப் பள்ளி வாத்தியார் இன்று முப்பது பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக நினைத்தால் எத்தனை மேசைக்குப் போகவேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். என் பேத்தி பள்ளியில் சுற்றுலா என்றால் தண்ணீர்ப் பூங்கா. பத்திரமான இடம், வேலி இருக்கிறது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். பிள்ளை பத்திரமாக வர வேண்டும் என்பதுதான் சாருக்கும் முதல் கவலை. அவர் அதற்கு வேலி போடவில்லை, வேலை பார்த்தார்.

சார் கொரோனாக் காலத்தில் காலமானார், கொரோனாவால் அல்ல, வயதால். யாராலும் போக முடியவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் செட்டில் மிஞ்சியவர்கள் அவர் வீட்டில் கூடினோம். பேச்சு எப்படியோ பாம்பார்புரத்துப் பருப்புக்கு வந்து நின்றது. துவரம்பருப்பு என்றேன். இல்லை, கடலைப்பருப்பு, சாருக்குத் துவரை ஆகாது என்றார் மண்டிக்காரர். பருப்பு விஷயத்தில் தனக்கே அதிகாரம் என்கிற தோரணை. ஆளுக்கொன்று சொன்னார்கள். கீழே வேப்பமரத்தடியில் வெப்பம் குறித்தவன், இப்போது கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவன், "நான் ஒருத்தன்தான் அங்க இல்ல. அதனால நான் சொல்றதுதான் நடுநிலை" என்று நடுவராக உட்கார்ந்தான்.

அம்மா காபி டம்ளர்களோடு வந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. காது மட்டும் பிசகவில்லை.

"துவரம்பருப்புதான். ஊற வச்சுத் தரட்டான்னு கேட்டேன். ஊறுனா வெந்திரும், வேண்டாம்னுட்டாரு. பய பிள்ளைக பட்டினியாக் கெடக்கவான்னு சத்தம் போட்டேன். அதுக்கெல்லாம் கோடைக்கானல் பஸ் கண்டக்டர்கிட்ட நாலு நாளைக்கு முன்னாடியே ரூவா குடுத்து விட்டாச்சு, ஏழுரோட்டுல பன்னு எடுத்து வச்சிருப்பான்னாரு. அதுல ஒண்ணேகா ரூவா பாக்கி கண்டக்டரு கடைசி வரைக்கும் குடுக்கவே இல்ல. அதையும் எழுதி வச்சிருப்பாரு, வேணுன்னா பாருங்க."